துன்கிந்தவில் பிடித்த கை

பண்டாரவளைக்குக் கிட்ட ஒரு பெற்றோல் செட்டின் கழிப்பறையில் நின்று கோசலா அன்றைய இரண்டாவது உடுப்புக்கு மாறினாள். காலையில் கட்டிய பச்சைச் சேலையை உருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு, நாவல் நிறச் சுரிதாரைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வசீகரனும் சேட்டு மாற்றிவிட்டு, வானின் பக்கக் கண்ணாடியில் குனிந்து சீப்பால் தலை இழுத்துக்கொண்டு நின்றான்.

"காலமை பச்சை, இப்ப நாவல். ஒரே நாளெண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம்," என்றான். "கொண்டையையும் அவிட்டுப் பின்னிவிடும் கோசலா."

"மூக்கையும் மாத்தட்டே?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு வானுக்குள் எட்டிப் பார்த்தான். பின் சீற்றில் கோசலாவின் அம்மா சீதேவி, மடியில் தேத்தண்ணிப் போத்தலும் கையில் போனுமாக உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, இந்த முறை எங்கட தலையையும் சேத்து எடுங்கோ. இராவணன் நீர்வீழ்ச்சியில அருவி முழுக்க வந்திருக்கு. நாங்கள் கழுத்தோட நிக்கிறம்."

"எனக்கென்ன தம்பி தெரியும்? அருவி வடிவாய் இருந்துது. அதைத்தான் பாத்தன்."

சீதேவியின் கையிலிருந்த போன் வசீகரனுடைய பழைய போன். கனடாவிலிருந்து வந்த அன்றே மாமிக்கென்று கொடுத்து, எந்த இடத்தை அமத்த வேண்டும் என்றும் பழக்கிவிட்டான். இந்தப் பயணத்தில் படம் எடுப்பது அவள் வேலை.

படம் எடுக்கத்தான் இந்தப் பயணமே. வசீகரனும் கோசலாவும் புருஷன் பெண்சாதியாகி மூன்று வருடம். வேலணையில் அவள் வீட்டு விறாந்தையில், பதிவுகாரருக்கு முன்னால் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தார்கள். தாலி கட்டவில்லை. வெளிநாட்டு மாப்பிள்ளைமாரின் கலியாணம் இப்போது பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. முதலில் எழுத்து என்கிற பதிவு; எழுத்தைக் காட்டி விசா; விசா கைக்கு வந்த பிறகு மேளம், கூறைச்சேலை, தாலி. அதுவரைக்கும் பெண் அரசாங்கத்துக்கு மனைவி, வீட்டுக்குக் குமர்ப்பிள்ளை.

கோசலாவுக்கு விசா வரவில்லை. இது உண்மையான கலியாணமாகத் தெரியவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அனுப்பிய படங்களில் ஒரே வீடு, ஒரே சேலை, ஒரே நாள். திரும்ப விண்ணப்பிக்கும்போது வெவ்வேறு இடம், வெவ்வேறு உடுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து ஊர் சுற்றிய அடையாளம் எல்லாம் வேண்டும் என்று ரொறன்ரோவில் விசா அலுவல் பார்க்கிற ஒருவர் வசீகரனுக்குச் சொல்லியிருந்தார். அவனும் லீவு எடுத்துக்கொண்டு வந்து, வாடகைக்கு ஒரு வான் பிடித்தான். மலைநாட்டு அருவிகள், பிறகு நெடுந்தீவுக் கரை, கடைசியாக நயினாதீவு.

வேலணையில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற கோசலாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவள் சந்தோஷமாகவே வந்தாள். படம் ஒரு சாட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று வருடம் போனில் கதைத்த மனிதன் பக்கத்துச் சீற்றில் இருந்து வான் ஓட்டுகிறான். அவனுக்கு எள்ளுப்பாகு விருப்பம், வளைவுகளில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், அவளை 'நீர்' என்று மரியாதையாகவே கூப்பிடுகிறான். விடுதிகளில் அவனாகவே முந்திக்கொண்டு, "வேற வேற அறைதான் மாமி. நீங்களும் அவவும் ஒண்டில படுங்கோ," என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று சீதேவி உருகிப்போனாள். கோசலாவும்தான்.

ஒன்று மட்டும் அவளை உறுத்தியது. படத்துக்கு நிற்கும்போது அவள் தோளில் வந்து விழும் அவன் கை, படம் எடுபட்ட சத்தத்தோடு எழுந்து போய்விடும். தியலும அருவியில் அப்படி. இராவணன் நீர்வீழ்ச்சியில் அப்படி. பதுளையில் அவனுடைய அப்பப்பா கடை வைத்திருந்த தெருவில் நின்றபோதும் அப்படித்தான். அவனுடைய ஆட்கள் புங்குடுதீவு இறுப்பிட்டியிலிருந்து பதுளைக்குப் போய்ச் சுருட்டும் புடவையும் விற்றவர்கள். கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று அவன் கண் கலங்கினான். அவள் அவன் முழங்கையைத் தொடப் போனாள். அதற்குள் அவன், "மாமி, எடுத்திட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

ஆனால் துன்கிந்த அருவிக்குப் போனபோது வேறு மாதிரி நடந்தது.

அங்கே வானை மேலே விட்டுவிட்டுக் காட்டுப் பாதையால் நடக்க வேண்டும். கீழே பள்ளத்தில் ஆறு இரைந்துகொண்டு கூடவே வரும். முதல்நாள் மழை பெய்து படிகள் வழுக்கின. ஒரு திருப்பத்தில் கோசலாவின் செருப்பு சறுக்கியது. விழ முன் வசீகரன் அவள் கையைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை.

அவள் படம் எடுபடும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. அம்மா நன்றாகப் பின்னால் நின்றுவிட்டாள். ஒரு தடவை மட்டும் வசீகரன் திரும்பிப் பார்த்தான்.

"மாமி வாறாவோ எண்டு பாத்தன்," என்றான். பிறகு, "உமக்குக் கை குளிருது," என்றான்.

"மலைக் குளிர்."

"அங்க வந்து பாருமன் குளிரை. நான் வேலையால வரேக்க விடிஞ்சிடும். சமைக்கப் பஞ்சியில குசினியில நிண்டபடியே பாணைத் திண்டிட்டுப் படுப்பன். கதிரையில இருந்து சாப்பிட்டு எவ்வளவு காலம் தெரியுமே? தனிய இருந்து சாப்பிட என்னவோ மாதிரி."

"ரெண்டு கதிரை வாங்கி வையுங்கோ. நான் வாறன்."

அவன் அவள் விரல்களை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தான். அருவி தெரிகிற இடத்துக்கு வந்து, சனக்கூட்டத்தைக் கண்டதும்தான் கையை விட்டான். சனத்துக்கு முன்னால் வெட்கம் என்று அவள் நினைத்தாள். அருவி என்ன உயரம், எவ்வளவு தண்ணீர் என்று பிறகு யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

மலையிலிருந்து யாழ்ப்பாணம் வரும் நெடும்பாதை முழுக்க அவள் அந்தக் கையோடுதான் வந்தாள். பண்ணைப் பாலத்தில் வான் ஏறி, மண்டைதீவுச் சந்தி கடந்து, இரண்டு பக்கமும் கடல் தெரிந்தபோது ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். ஆடி கழிந்து ஆவணி பிறந்துவிட்டது. நயினாதீவு அம்மன் வாசலில் தாலியைக் கட்டிவிட்டுப் போங்கோ என்று கேட்பது. மேளம் வேண்டாம், மண்டபம் வேண்டாம். விசா எப்பவாவது வரட்டும்.

அடுத்தநாள் காலை குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவு வள்ளம் ஏறினார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று. வள்ளம் ஆடி ஆடிப் போனது. வசீகரன் வெளியே காற்றில் நின்றான். உள்ளே கோசலாவும் சீதேவியும் பலகையில் நெருக்கி இருந்தார்கள். பக்கத்தில் மேரிசுகந்தி என்று ஒரு நெடுந்தீவுக்காரி, மரக்கறிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஊர் பேர் விசாரித்து முடிந்ததும் சீதேவி போனை எடுத்துவிட்டாள்.

"மகளும் மருமோனும். மலைநாட்டுக்குப் போட்டு வாறம். எல்லாம் நான் எடுத்த படம்."

"பாருங்கோவன். இதில ஆக்கள் எங்க?"

"அது முதல்நாள் எடுத்தது. அங்கால தள்ளுங்கோ. இது துன்கிந்த. முதுகுதான் தெரியுது, ஆனா எப்பிடிக் கையைப் பிடிச்சுக்கொண்டு போகினம் பாருங்கோ."

"சோக்கா இருக்கு அக்கா. அவைக்குத் தெரியாமல் எடுத்தனீங்களோ?"

"அவருக்குத் தெரியும், இவளுக்குத்தான் தெரியாது," என்று சீதேவி பெருமையோடு குரலைத் தாழ்த்தினாள். ஆனால் இயந்திரச் சத்தத்தில் தாழ்த்திய குரலும் உரத்துத்தான் வந்தது. "மருமோன் சொன்னவர். மாமி, போன்ர சத்தத்தை நிப்பாட்டி விடுறன், நான் கையைப் பிடிச்ச உடன பின்னால நிண்டு எடுங்கோ, அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ எண்டு. தெரிஞ்சால் இவள் விறைச்சுப்போய் நிப்பாள். இப்ப பாருங்கோ, ஒண்டிலயும் தலை வெட்டுப்படேல்லை!"

கோசலா கையை நீட்டினாள். "தாங்கோ அம்மா, பாப்பம்."

படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். பாதை, ஈரப் படிகள், இரண்டு முதுகு, நடுவில் கோத்த கை. ஒரு படத்தில் வசீகரன் திரும்பியிருந்தான். மாமி வாறாவோ என்று பார்த்தன் என்று அவன் சொன்ன அந்த நேரம். முகம் நேரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடுபடுகிறதா என்று பார்க்கிற முகம்.

"வடிவாய் வந்திருக்கெல்லே?" என்றாள் சீதேவி.

"ஓம் அம்மா. வடிவாய் வந்திருக்கு."

நெடுந்தீவில் ஓட்டோக்காரன் பாதை முடிகிற இடம் மட்டும் கொண்டுபோய் விட்டான். அதற்கப்பால் கரையோரமாக நடை. வீடு வாசல் ஒன்றுமில்லை. காலுக்குக் கீழே உடைந்த முருகைக்கல் சலசலத்தது. தூரத்தில் மட்டக்குதிரைகள் சில காய்ந்த புல்லை மேய்ந்துகொண்டு நின்றன. சீதேவி குடையோடும் போனோடும் பின்னால் வந்தாள். கோசலா சிவப்புச் சேலை கட்டியிருந்தாள். கடல் நீலத்துக்குச் சிவப்பு எடுப்பாய் இருக்கும் என்று வசீகரன் சொல்லிவைத்த சேலை.

கேட்கத்தான் வேண்டுமா என்று நடந்துகொண்டே யோசித்தாள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் ஒரு பக்கத்து மனம் அவனுக்காக வழக்காடியது. படத்துக்குக் கை பிடித்திருக்கலாம். நின்றபடி பாண் தின்ற கதையைப் படம் பிடிக்க ஏலாதே. அதை ஏன் சொன்னான்?

"நாளைக்கு நயினாதீவு," என்று தொடங்கினாள்.

"ஓம். கோயில் வாசல்ல ரெண்டு, வள்ளத்தில ரெண்டு. அதோட காணும்."

"ஆவணி பிறந்திட்டுது. ஒரு மஞ்சள் கயிறு காணும் எனக்கு. அம்மன்ர வாசல்ல கட்டிப்போட்டுப் போறியளோ?"

வசீகரன் நின்றுவிட்டான். கடலைப் பார்த்தான்.

"விசா வரட்டுமன் கோசலா."

"வராட்டி?"

"அதுக்குத்தான் சொல்லுறன். எங்கட லவன் அண்ணை தாலியைக் கட்டிப்போட்டுத்தான் கனடா வந்தவர். விசா இழுபட்டு இழுபட்டு, அண்ணி இஞ்ச, அவர் அங்க. கடைசியில போனிலயும் சண்டை. பிரிஞ்சு போச்சினம். தாலியைக் கழட்டிக் குடுத்தனுப்பினவ. அண்ணை அதை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறார், விக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது. உமக்கு அப்பிடி ஒண்டு வரக்கூடாது. எழுத்தெண்டால் வெறும் பேப்பர். சரிவராட்டி வெட்டிப்போட்டு நீர் உம்மட பாட்டைப் பாக்கலாம், நான் என்ர பாட்டைப் பாக்கலாம்."

"வேற வேற அறை கேட்டதும் அதுக்குத்தானோ?"

"உமக்காகத்தானப்பா. நாளைக்கு ஒருத்தர் உம்மை ஒரு சொல் சொல்லக்கூடாதெல்லே?"

அவன் உண்மையாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது. கடையில் வாங்கிய சாமானை உறை பிரிக்காமல் வைத்திருப்பார்கள், திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் என்று. அவன் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பத்திரமாகத்தான் வைத்திருந்தான்.

சீதேவி மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வசீகரன் கதை முடிந்ததென்ற நிம்மதியோடு தோள்பையைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான்.

"இதை மறந்துபோனன். தாலி இல்லாமல் தமிழ்க் கலியாணமெண்டு காட்டினால் நம்பமாட்டினமாம். ரொறன்ரோவிலயே வாங்கினனான். பாத்தால் பவுண்தான்."

பெட்டிக்குள் ஒரு தாலிக்கொடி மினுங்கியது. பித்தளைக்குப் பொன்முலாம் பூசியது. நடுவில் தாலி, கொடியின் நுனியில் கொழுக்கி.

சீதேவியின் முகம் ஒரு கணம் கறுத்தது. "தம்பி... தாலியெல்லோ," என்றாள். அவனைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். பிறகு, "படத்துக்குத்தானே பிள்ளை. போடு. விசா வந்தால் எல்லாம் சரிவரும்," என்று போனைத் தூக்கினாள்.

கோசலா பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள்.

"சரி. நீங்களே கட்டுங்கோ."

"நீரே கொழுவுமன்."

"கொழுக்கி எனக்கு எட்டாது."

"அப்ப மாமி, நீங்கள் வந்து கொழுவிவிடுங்கோ."

"எனக்கு அம்மாவோ தாலி கட்டுறது?" என்றாள் கோசலா. "படத்துக்குத்தானே. பித்தளைதானே. ஏன் பயப்பிடுறியள்? ஒரு மனுசரும் இல்லை இஞ்ச. குதிரையள் நிக்குது, அதுகள் போய்ச் சொல்லாது. கட்டுங்கோ."

அவன் கொடியை இரண்டு கையாலும் எடுத்தான். கைகள் அவள் கழுத்து மட்டத்துக்கு உயர்ந்தன. அங்கேயே நின்றன. அவன் முகத்தில் வேர்வை. அவள் அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அதில் பொய் ஒன்றுமில்லை. பித்தளையைக்கூடத் தன் கையால் கட்டிவிட்டால் கட்டினதாகிவிடும் என்று பயந்துபோய் நின்றான்.

கைகள் இறங்கின.

"ஏலாது கோசலா," என்றான். "அது... சும்மா கட்டுற சாமான் இல்லை."

"ஓம். எனக்கும் அது தெரியும்."

அவள் கொடியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடி, அவன் கையில் கொடுத்தாள்.

"அம்மா, போனைப் பைக்குள்ள வையுங்கோ. இனிப் படம் இல்லை."

"என்ன சொல்லுறீர்? அப்ப விண்ணப்பம்?" என்றான் வசீகரன்.

"போடாதேங்கோ. கேட்டாலும் நான் வரமாட்டன்."

"விசர்க்கதை கதையாதையும். எழுத்து எழுதியாச்சு. வெட்டிறதெண்டால் கோட்டுக்கு ஏறவேணும், தெரியுமே?"

"வெறும் பேப்பர் எண்டு இப்பதானே சொன்னனீங்கள்."

அவன் பெட்டியைப் பைக்குள் திணித்தான். ஓட்டோ நின்ற பக்கம் திரும்பி நடந்தான்.

சீதேவி முருகைக்கல்லின் மேலேயே குந்திவிட்டாள். குடை காற்றில் உருண்டு போனது. கோசலா ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அம்மா சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஊரில நான் என்னெண்டடி சொல்லுறது? கட்டிப்போட்டு விட்டிட்டான் எண்டு சொல்லுறதோ, கட்டாமலே விட்டிட்டான் எண்டு சொல்லுறதோ?"

இனி எந்தத் தரகர் வந்தாலும் 'எழுத்து எழுதி வெட்டின பெட்டை' என்றுதான் கோசலாவின் கதை தொடங்கும். தாலி ஏறாத கழுத்துக்கு விவாகரத்து. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் எப்ப கலியாணச் சாப்பாடு என்று கேட்கிறவர்களுக்கும் எதையாவது சொல்லவேண்டும். அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "எழும்புங்கோ, வள்ளம் போயிடும்," என்றாள்.

பின்னேர வள்ளத்தில் சனம் குறைவு. காலையைவிடக் கடல் பெருத்திருந்தது. வெளியே நிற்க விடவில்லை. வசீகரன் உள்ளே வந்து, வேறு இடமில்லாமல் கோசலாவுக்குப் பக்கத்தில் இருந்தான். தோள்பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நடுக்கடலில் ஒரு பெரிய அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. ஆட்கள் "அம்மாளாச்சி" என்று கத்தினார்கள். வசீகரனின் கை பாய்ந்து வந்து கோசலாவின் கையைப் பற்றியது. துன்கிந்தவில் பிடித்த மாதிரி இல்லை. எலும்பு நோகிற மாதிரி.

கோசலா உடனே திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா கண்ணை மூடிக் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தாள். பை காலடியில் கிடந்தது. போன் பைக்குள் இருந்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முன் பலகை எல்லாம் பார்த்தாள். ஒருவரும் எடுக்கவில்லை. அவன் கண் மூடியிருந்தான், உதடு வெளுத்திருந்தது. யாருடைய கையைப் பிடித்திருக்கிறான் என்று அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ.

அந்த ஒரு பார்வை பார்த்ததை நினைக்க அவளுக்கே தன்மீது வெறுப்பு வந்தது. இனி ஒருத்தன் கையைப் பிடித்தால் முதலில் பின்னால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

அலை தணியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மற்றக் கையால் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அவன் பையின் மேல் வைத்தாள்.

"காணும்," என்றாள். "அலை போயிட்டுது."